மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்கு ஒரு டிரம்

அந்தப் பள்ளிக்கு வேலைக்கு வருகிற யாரும் பாட்டு சாரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் பார்த்துவிடுவார்கள். இதை எழுதுகிறவனுக்கும் அதே கதிதான். சேர்ந்த அன்று ஆசிரியர் அறையில் உட்கார நாற்காலி இல்லை. "மேல பாட்டு ரூம்ல ரெண்டு மூணு சும்மா கிடக்கும், ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று கைகாட்டி அனுப்பினார்கள். போய் எடுத்து, வாசல் வரை இழுத்ததுதான் தாமதம். உள்ளே முதுகைக் காட்டி நின்று கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர் திரும்பாமலே கத்தினார்.

"தூக்குங்க சார், இழுக்காதீங்க! இழுத்தா அதுல ஒரு சுரம் வருது. அந்தச் சுரம் இன்னிக்கி என் பாட்டுல இல்ல."

பிறகு திரும்பி, புதியவனைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். வணக்கம் சொல்லவில்லை. "புதுசா? சரி. வலது செருப்பு கொஞ்சம் இறங்கி அடிக்குது. தச்சுக்கோங்க" என்றார்.

கர்வம் பிடித்த மனிதர். அதை அவரே மறுக்க மாட்டார். கீழே வருவது அவர் சொன்னது, அவர் சொன்னதை அவர் மனைவி திருத்தியது, மிச்சம் பள்ளிக்கூடமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

பாட்டு சாருக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து காது. குக்கர் விசில் எந்தச் சுரத்தில் கத்துகிறது என்று சொல்வார். தண்ணீர்க் குழாய் சொட்டினால் தாளம் தப்புகிறது என்று எழுந்து போய் இறுக்குவார். மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். அந்தத் தையல் மிஷின் சுருதி சேரவில்லை என்று கல்யாணமான புதிதில் ஒருநாள் அதற்கு எண்ணெய் விட்டு, திருகைத் திருப்பி, வாடிக்கைக்காரர் சட்டை ஒன்றின் கையை அவர் காலி செய்ததுண்டு. அன்றிலிருந்து மிஷின் பக்கம் போக அவருக்குத் தடை.

இளவயதில் கச்சேரிக் குழு ஒன்றில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். ஆளுக்குப் பதில் ஒரு கணினியை மேடையில் வைத்தால் போதும், அது சாப்பாடு கேட்காது என்று குழு முதலாளி கண்டுபிடித்த வருடம், பாட்டு சார் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். மாடியில் மூலை அறை. மூன்று பக்கமும் ஜன்னல். ஒரு கீபோர்டு, இரண்டு வயலின், பள்ளி விளையாட்டு விழா அணிவகுப்புக்கு வாங்கிப் போட்ட பெரிய டிரம் ஒன்று. அந்த அறைதான் அவர் ராஜ்ஜியம்.

அந்த மூன்று ஜன்னல்மீதுதான் தாளாளரின் கண் விழுந்தது.

தாளாளர் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றுக்கு விருந்தாளியாகப் போய்வந்திருந்தார். அங்கே ஸ்மார்ட் லேப் இருந்தது. பெரிய திரை, கண்ணில் மாட்டும் கறுப்புப் பெட்டி, நீல விளக்கு. அதற்குள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. நீல விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். வந்ததும் பாட்டு சாரைக் கூப்பிட்டார்.

"பாட்டு சார், பாடறதுக்கு ரூம் எதுக்கு? காத்து இருக்கற இடத்துல பாடலாமே. மரத்தடி இருக்கு, மைதானம் இருக்கு."

"மரத்தடியில காக்கா இருக்குங்க."

"காக்காவும் பாடட்டுமே!" என்று தாளாளர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். கணக்குப் பிள்ளையும் சிரித்தார். அது அவர் வேலை.

பாட்டு சார் மனசுக்குள் கணக்குப் போட்டார். அறை போனால் கருவிகள் பரணுக்குப் போகும். கருவி பரணுக்குப் போனால் வகுப்பு நேரத்தைக் கணக்கு சார் தின்றுவிடுவார். வகுப்பே இல்லாத பாட்டு வாத்தியாரை எந்தப் பள்ளி வைத்துக்கொள்ளும்?

இந்த நேரத்தில்தான் துருவம் அவரைக் காப்பாற்ற வந்தது. அல்லது அப்படித்தான் அவர் நினைத்தார்.

ஊருக்கு வெளியே புறவழிச்சாலையில் துருவ ஆய்வு அலுவலகம் ஒன்று இருந்தது. வாசலில் சிமெண்டில் ஒரு பென்குயின். வெயிலில் பெயிண்ட் உரிந்து காக்கை மாதிரி ஆகியிருக்கும். உள்ளே இருப்பவர்கள் உலகத்தின் அடியில் கிடக்கும் பனியைக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஆராய்கிறவர்கள். அறிவியலும் கலையும் கைகோக்க வேண்டும், ஆளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தைப் பிடித்து விழா ஏதாவது நடத்துங்கள் என்று மேலிடத்திலிருந்து அவர்களுக்கு உத்தரவு வந்திருந்தது. அலுவலகத்தின் இயக்குநர் தாளாளருக்குப் போன் செய்தார். தாளாளர் ஆசிரியர் கூட்டம் போட்டார். "பனியையும் கலையையும் யார் சேக்கறீங்க?" என்றார். ஓவிய டீச்சர் மேஜைக்கடியில் எதையோ தேடினார். இயற்பியல் சாருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"நான் சேக்கறேன்" என்று பாட்டு சார் எழுந்தார். "பனியப் பாட வெக்கிறேன்."

"பனி எப்படி சார் பாடும்?"

"அது ஒவ்வொரு நாளும் எவ்வளவு குளிர்ந்துச்சுன்னு நம்பர் வெச்சிருப்பாங்க. நம்பரக் குடுக்கச் சொல்லுங்க. நம்பர் ஏறினா சுரம் ஏறும், இறங்கினா இறங்கும். பிள்ளைங்க பாடும்."

தாளாளர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது மேலே பார்ப்பார். நீல விளக்கு எங்கே மாட்டலாம் என்று பார்ப்பது போல இருக்கும். "நல்லா வந்துச்சுன்னா ரூம் உங்களுக்கே. இல்லன்னா விழா முடிஞ்ச திங்கக்கிழமை பெயிண்ட்காரன் வர்றான். இன்னொண்ணு, என் பேரனுக்கு அதுல ஒரு முக்கியமான வேஷம் வேணும்."

தாளாளரின் பேரனுக்குப் பாட்டு வராது. மெதுவாகவும் வராது, வேகமாகவும் வராது. கைக்கு நல்ல பலம் உண்டு. வகுப்பு மேஜைகளுக்கு அது தெரியும். பாட்டு சார் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "பிரமாதமா பண்ணிடலாம்" என்றார்.

நம்பர்களைக் கொண்டுவந்தவர் அந்த அலுவலகத்தின் டேட்டா மேடம். பனியில் நட்டுவைத்த ஒரு மெஷின் தினமும் குளிரை அளந்து செயற்கைக்கோள் வழியாக அனுப்பும். வருகிற எண்களைச் சுத்தம் செய்து அடுக்கி வைப்பது அவர் வேலை. மடமடவென்று பேசினார். ஒரு வருடத்து எண்களைத் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"நீங்க அங்க போயிருக்கீங்களா மேடம்?" என்று பாட்டு சார் மரியாதையாகக் கேட்டார்.

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் வரைக்கும் போயிருக்கேன் சார். வருஷா வருஷம் போகணும்னு எழுதிக் குடுக்கறேன். டைரக்டர் ஒரு தடவ போனாரு, அவரோட ஃபிரெண்டுங்க மத்த தடவ போனாங்க. எனக்குக் குளிர் தாங்காதுன்னு அவருக்கு ஒரு கவலை." சிரித்துவிட்டு, அடுத்த பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

அன்று மாலை வீட்டில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு பாட்டு சார் உட்கார்ந்தார். கோடைகாலத்து எண்கள் உச்சத்தில் கீச்சென்று பாடின. குளிர் ஏற ஏறச் சுரம் கீழே இறங்கியது. மைனஸ் முப்பது, மைனஸ் முப்பத்தைந்து என்று கீபோர்டின் இடது ஓரத்துக்கு வந்துவிட்டார். அங்கே திடீரென்று ஒரு எண். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். அதே எண்.

"இங்க வாயேன்! மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது!"

மனைவி தைப்பதை நிறுத்தாமல் எட்டிப் பார்த்தார். "என்னங்க இது, செருப்புக் கடை விலை மாதிரி இருக்கு?"

"குளிரு! அன்னிக்கி அப்படிக் குளிர்ந்திருக்கு!"

"மறுநாளும் அதேதான் போட்டிருக்கு."

"குளிரு விட்டுச்சா பாத்தியா?"

"அதுக்கு மறுநாளும் அதேதான். கொஞ்சம்கூடக் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. துணிக்கடையில மீந்ததுக்கெல்லாம் ஒரே விலை ஒட்டுவாங்களே, அப்படி."

"உனக்குத் துணியும் கடையும் விட்டா வேற என்ன தெரியும்? அது துருவம்! அங்க எல்லாம் அப்படித்தான்."

"சரிங்க, அப்படித்தான்" என்று அவர் மிஷினை மிதித்தார். சுருதி சேராத சத்தத்தில் பேச்சு முடிந்தது.

இருந்தாலும் பாட்டு சார் கவனக்காரர். மறுநாள் படித்தவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று இயற்பியல் சாரிடம் போனார். இயற்பியல் சார் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். உலகத்தில் எந்தப் பொருளும் மைனஸ் இருநூற்று எழுபத்து மூன்றுக்குக் கீழே குளிர முடியாது என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. சார் அதற்குச் சிவப்பு மையில் பெரிதாக ஒரு சரி போட்டார்.

"சார், துருவத்துல மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வருமா?"

"துருவம்தானே? வரும் வரும்" என்றார் இயற்பியல் சார், தலையைத் தூக்காமல், அடுத்த பிள்ளையின் அதே பதிலுக்கு இன்னொரு சரி போட்டபடி.

இருபது வருடமாக அதைப் பாடம் நடத்துகிறவர். பாடம் பாடத்தில் இருக்கும், உலகம் உலகத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே அவர் நிம்மதியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

அவ்வளவு குளிருக்குக் கீபோர்டில் சுரம் கிடையாது. மனிதத் தொண்டையிலும் கிடையாது. பாட்டு சாருக்கு மின்னல் வெட்டியது. அணிவகுப்பு டிரம்! அந்த எண் வருகிற நாளெல்லாம் பெரிய டிரம்மில் ஒரு அடி. அடிப்பவன் தாளாளரின் பேரன். ஒரே அடியில் இரண்டு கவலையும் தீர்ந்தது. டிரம்மின் சத்தம் வெறும் தகரமாக இருந்ததால் வீட்டுப் பழைய போர்வையைக் கொண்டுபோய் உள்ளே திணித்தார். ஒரு பக்கம் இறுக்கி, ஒரு பக்கம் தளர்த்தி, மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டி, பூமிக்கு அடியில் ஏதோ புரண்டு படுப்பது போல ஒரு சத்தத்தைக் கொண்டுவந்தார். அந்தச் சத்தத்தில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

ஒத்திகையில் உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது. பிள்ளைகளின் குரல் படிப்படியாக இறங்கும். இறங்கி இறங்கி முனகலாகும். அப்போது 'தொம்' என்று விழும். மறுபடி 'தொம்'. தாளாளர் ஒருநாள் வந்து கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் பேரன் அடிக்கறதுல பூமித்தாயே அழறா மாதிரி இருக்கு சார்" என்றார். நிகழ்ச்சிக்கு 'துருவத்தின் இதயத் துடிப்பு' என்று அவரே பெயர் வைத்தார். வாசலில் பேரன் குச்சியோடு நிற்கும் பேனர் ஏறியது. பனி ஓரமாக, சின்னதாக இருந்தது. இயக்குநரும் ஒத்திகையின் பதிவைக் கேட்டுவிட்டு அருமை, அற்புதம் என்று செய்தி அனுப்பினார்.

கடைசி ஒத்திகைக்கு டேட்டா மேடம் வந்தார். பின்வரிசையில் உட்கார்ந்து காலால் தாளம் போட்டுக் கேட்டார். முதல் டிரம் விழுந்ததும் கால் நின்றது. மூன்றாவது அடிக்கு முகம் வெளுத்தது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனதும் பாட்டு சாரை ஜன்னலோரம் இழுத்தார்.

"சார், அந்த டிரம் எதுக்கு?"

"மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுக்கு. எப்படி? உள்ளுக்குள்ள உறைஞ்சிடல?"

"ஐயோ சார், அது குளிரு இல்ல! மெஷின் செத்துப் போச்சுன்னு அர்த்தம்! அளவு எதுவும் வராத நாளுக்கு அந்த நம்பரப் போடுவோம். காலியா விட முடியாது, அதனால நடக்கவே முடியாத ஒரு நம்பரா பாத்துப் போடறது."

"செத்துப் போச்சுன்னா... எப்பலருந்து?"

"குளிர்காலம் மொத்தமும். பேட்டரி உறைஞ்சிடும். கோடை வந்ததும் தானா முழிச்சுக்கும்."

"அத ஒரு ஓரமா எழுதி வெக்கக் கூடாதா?"

"எங்க ஆஃபீஸ்ல எல்லாருக்கும் தெரியுமே சார்!"

"நான் உங்க ஆஃபீஸா? நான் பாட்டு வாத்தியார்! எனக்குத் தெரியுமா உங்க செத்த மெஷினு, பொழச்ச மெஷினு!"

"மைனஸ் தொள்ளாயிரம்னா உங்க ஸ்கூல்ல ஒருத்தருக்குக்கூட சந்தேகம் வரலையா சார்?"

பாட்டு சாருக்கு இயற்பியல் சாரின் சிவப்பு மை ஞாபகம் வந்தது.

டிரம்மை எடுத்தால் பேரன் வெளியே. பேரன் வெளியே போனால் இவரும் அறையும் வெளியே. டேட்டா மேடத்துக்கு வேறு பயம். "டைரக்டர் கேட்டு ஓகே சொல்லிட்டாரு சார். நம்ம நம்பரே நமக்கு அடையாளம் தெரியலையான்னு இப்ப நான் போய்ச் சொன்னா என் தலைதான் உருளும். விடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஆமா, விடுங்க" என்றார் பாட்டு சார். ஆனால் காது விடவில்லை. அதற்குப் பிறகு பேரன் டிரம்மில் அடித்தபோதெல்லாம் அவருக்குப் பல் கூசியது.

விழா நாள். மண்டபத்தில் மின்விசிறிகள் வெந்த காற்றைச் சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. முதல் வரிசையில் தாளாளர், அவர் மனைவி, மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி அம்மா. இயக்குநர் மேடையேறினார். துருவத்துக்குப் போட்டுப்போன ஆரஞ்சு நிறப் பஞ்சுக் கோட்டோடு ஏறினார். கழுத்துவரை ஜிப் இழுத்திருந்தது. புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். புகைப்படக்காரரைக் கேட்டால் அவர் அப்படி எதுவும் கேட்கவில்லையாம். நெற்றியில் வியர்வை ஆறாக ஓட, பனியைப் பற்றிப் பேசினார்.

"எங்க மெஷின் ஒரு நாள்கூடத் தவறாம, ஒரு நாள்கூட, உலகத்தோட அடிமட்டத்துலருந்து நமக்குச் செய்தி அனுப்பிக்கிட்டே இருக்கு" என்றார். அதிகாரி அம்மா தலையசைத்தார். அந்த மெஷினைப் போல இன்னும் பத்து நடுவதற்கு அனுமதி அவர் கையில் இருந்தது. திரைக்குப் பின்னால் பிள்ளைகளோடு நின்ற பாட்டு சார் இதைக் கேட்டார். பொறுத்துக்கொண்டார். ஊரில் யார்தான் அளந்து விடவில்லை?

ஆனால் இயக்குநர் அங்கே நிறுத்தவில்லை.

"இப்ப நீங்க கேக்கப் போற டிரம் சத்தம் கற்பனை இல்ல. பனி பிளக்கும்போது வர்ற அலறல். நான் அங்க நின்னு இந்த ரெண்டு காதாலயும் கேட்டிருக்கேன். அச்சு அசல் இதே சத்தம்!"

பாட்டு சாருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அறை, வேலை, பெயிண்ட்காரன், பேரன் எல்லாம் ஒரு நொடியில் பின்னுக்குப் போயின. யாருடைய சத்தம்? மூன்று நாள் மல்லுக்கட்டி, வீட்டுப் போர்வையைத் திணித்து, அவர் பெற்றெடுத்த சத்தம்! அதைத் துருவத்தில் நின்று கேட்டானாம்! பொய் சொல்லட்டும், உலகம் பொய்யில்தான் ஓடுகிறது. ஆனால் காது விஷயத்தில், அவர் கண்ணெதிரே, இரண்டு காதாலும் என்று ஒருவன் பொய் சொல்வதா? திரையை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று மைக்குக்கு வந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விளக்கம். பிள்ளைங்க பாடறது குளிரு. டிரம் அடிக்கறது குளிரு இல்ல. மெஷின் ரிப்பேராகி ஒண்ணும் வராத நாளெல்லாம் டிரம். ஒரு நாளுக்கு ஒரு அடி. அந்தச் சத்தம் எங்க வீட்டுப் போர்வை. டைரக்டர் சார் அத எங்க கேட்டாருன்னு எனக்குத் தெரியல. எங்க வீட்டுக்கு அவர் வந்ததே இல்ல."

டிரம்முக்குப் பின்னாலிருந்து பேரன் மைக் தேவையில்லாத குரலில் கேட்டான்: "அப்ப நான்தான் ரிப்பேரா சார்?"

"ஆமாண்டா தம்பி. ரிப்பேர்தான் நீ. தைரியமா அடி."

சிரிப்பு வெடித்தது. அதற்குள் பிள்ளைகள் பாடத் தொடங்கியிருந்தார்கள். குரல் இறங்கி இறங்கி வந்தது. முதல் 'தொம்' விழுந்ததும் சின்ன வகுப்புப் பொடிசுகள் ஒரே குரலாக "ரிப்பேர்!" என்று கத்தின. இரண்டாவது 'தொம்'. "ரிப்பேர்!" பெற்றோர்களும் சேர்ந்துகொண்டார்கள். பேரன் வாழ்க்கையில் இவ்வளவு பேர் தன்னைப் பார்த்து மகிழ்ந்ததைக் கண்டதில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடித்தான். இயக்குநர் கோட்டைக் கழற்ற நினைத்தார். ஜிப் சிக்கிக்கொண்டது.

ஆனால் துருவத்துக் குளிர்காலம் நீளமானது. தொம். தொம். தொம். கத்திக் கத்திப் பொடிசுகளுக்குத் தொண்டை வற்றியது. சிரிப்பு மெல்லத் தேய்ந்து நின்றது. டிரம் நிற்கவில்லை. யாருமில்லாத இடத்தில், ஒன்றும் தெரியாமல், நாள் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. மண்டபம் அமைதியாகிவிட்டது. தாளாளர்கூட நீல விளக்கை மறந்திருந்தார். அப்புறம், அடி வராத ஒரு இடத்தில், ஒற்றைப் பெண்பிள்ளையின் குரல் மெலிதாக எழுந்தது. மெஷின் கண் விழித்த நாள். அவ்வளவுதான், பின்வரிசையில் யாரோ எழுந்து நின்று கைதட்டினார்கள். மண்டபமே தட்டியது.

அதிகாரி அம்மா மட்டும் தட்டவில்லை. ஆரஞ்சுக் கோட்டுப் பக்கம் திரும்பி, "ஒரு நாள்கூடத் தவறலன்னு சொன்னீங்க. வருஷத்துல பாதி தவறியிருக்கு போலிருக்கே?" என்றார்.

"அது... கலைக்காக ஒரு உருவகம்..." என்றார் இயக்குநர், ஜிப்போடு போராடியபடி.

மேடைக்குப் பின்னால் தாளாளர் வந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பாட்டு சாருக்கு எந்தச் சுரம் என்றாவது தெரிந்திருக்கும்.

"வீட்டுக்கு வந்த பெரிய மனுஷன மேடையில வெச்சு மூக்க ஒடச்சிட்டீங்க. என் பேரன ரிப்பேர்னு ஊரே கூப்பிடுது. திங்கக்கிழமை பெயிண்ட்காரன் வருவான். உங்க சாமான எல்லாம் பரண்ல போடச் சொல்லிடுங்க. நீங்களும் வேற இடம் பாத்துக்கோங்க."

"கை தட்டினாங்களே சார்."

"கை தட்டறவன் எவனும் அட்மிஷன் போட மாட்டான்."

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் பல்லில் கடித்திருந்த நூலை அறுத்துவிட்டுக் கேட்டார்: "போர்வையையாவது திரும்ப வாங்கினீங்களா?"

"இல்ல."

"ரூமும் போச்சு, வேலையும் போச்சு, போர்வையும் போச்சு. சரி. அந்த ஆளு மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு மறுபடியும் சொல்லுங்க." அவர் மறுபடியும் சொன்னார். இருவரும் சிரித்தார்கள், அப்புறம் பாட்டு சார் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மனைவி அதை மட்டும் யாரிடமும் திருத்திச் சொன்னதில்லை. இதை எழுதுகிறவனிடம் ஒருநாள் தவறிச் சொல்லிவிட்டார்.

துருவ அலுவலகத்தில் மேலிடம் உலுக்கி எடுத்தது. செத்துப்போகாத பேட்டரியோடு உடனே ஆள் போயாக வேண்டும் என்று உத்தரவு. இயக்குநருக்கு மூட்டுவலி வந்தது. அவருடைய நண்பர்கள் அனைவருக்கும் அதே வாரத்தில் வீட்டு விசேஷம் வந்தது. விழாவில் பாட்டு வாத்தியாருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது யார் என்று விசாரித்து, தண்டனையாக டேட்டா மேடத்தின் பெயரைப் போட்டார். கிளம்பும் முன் மேடம் பாட்டு சாருக்குப் போன் செய்து திட்டினார். திட்டி முடிப்பதற்குள் நான்கு தடவை சிரித்துவிட்டார்.

பள்ளியில் அறைக்கு நீல விளக்கு மாட்டினார்கள். பெரிய திரை பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறது; பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் இன்னும் வரவில்லை.

ஆனால் பேரன் ஓயவில்லை. அவனுக்கு ஊரே கைதட்டியதல்லவா? வீட்டில் கதவை அடித்தான், அலமாரியை அடித்தான், தாளாளர் கண்ணயர்ந்த கட்டிலின் கால்மாட்டை அடித்தான். எங்கே ஒளித்தாலும் இரண்டு குச்சி அவனுக்குக் கிடைத்தது. பொறுக்க முடியாத ஒரு மாலையில் தாளாளரின் மனைவியே பாட்டு சார் வீட்டுப் படியேறி வந்தார்.

"வாத்தியாரே, நீங்கதான் இத ஆரம்பிச்சு வெச்சீங்க. அடிக்கறதுதான் அடிக்கறான், ஒழுங்கா அடிக்கவாவது சொல்லிக் குடுங்க. எங்க மாடி ஹால் சும்மாதான் கிடக்கு."

"சார் என்ன சொல்வாரு?"

"அவரு கீழ இருப்பாரு" என்றார் அந்த அம்மா.

பேரன் கற்றுக்கொள்கிறான் என்று தெரிந்ததும் பாடகர் குழுவில் இருந்த பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பரணில் கிடந்த கருவிகளையும் பெரிய டிரம்மையும் தாளாளரின் மனைவியே வண்டி பிடித்து எடுத்துவந்து இறக்கினார்.

பாட்டு சார் இப்போது அந்தப் பள்ளியில் இல்லை. தாளாளர் வீட்டு மாடிக் கூடத்தில் மாலைதோறும் வகுப்பு எடுக்கிறார்; தாளாளர் செய்தி பார்க்க உட்கார்கிற நேரத்தில் அது தொடங்குகிறது.